டிவிடி ரைட்டர் ஏன் ஆமை வேகத்தில் ஓடுகிறது?

பொங்கல் விழாவன்று சங்கத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இலைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்களுக்கு இந்த டிவிடி சமாசாரமெல்லாம் அத்துப்படின்னு சொன்னாங்க. எங்க பொண்ணோட அரங்கேற்றம் 1998-ல நடந்தது. அந்தக் கேஸட்டை டிவிடியில போட்டுச் சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கலாம்னு உட்கார்ந்தேன். ரைட்டர்ல 16 எக்ஸ்னு போட்டிருக்கு. ஆனா ஒரு தட்டு எழுத முக்கால் மணி நேரம் ஆகுது. ரைட்டரை மாத்திடட்டுமா?" என்றார்.

சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? "அவசரப்பட்டு மாற்றாதீர்கள், எழுதித் தருகிறேன்" என்று சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த ஆசிரியர் காதில் அது விழுந்துவிட்டது. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எஞ்சினியர் அல்ல. மத்திய அரசு அலுவலகமொன்றில் முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன். இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது ஒரு கட்டாயத்தினால்.

என் தகப்பனாருக்கு 1993-ல் திருக்கடையூரில் மணிவிழா நடந்தது. மாயவரத்திலிருந்து வந்த வீடியோக்காரர் மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேஸட் ஒன்றில் எல்லாவற்றையும் பிடித்தார். கேஸட்டின் கடைசியில், விருந்தெல்லாம் முடிந்த பிறகு, யாரோ வற்புறுத்தி மைக்கைக் கையில் கொடுக்க, அப்பா நாலைந்து நிமிடம் பேசுகிறார். அவர் மேடையில் பேசிப் பழகியவர் அல்ல. 2001-ல் அவர் காலமானார். அவருடைய குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த நாலைந்து நிமிடம் மட்டும்தான். கேஸட் ஜி.டி. எக்ஸ்பிரஸில் என்னோடு டெல்லி வந்து, மயூர் விஹார் வீட்டு அலமாரியில் முப்பது கோடையைப் பார்த்துவிட்டது. காந்தநாடா என்பது காலத்தோடு நலியும் பொருள். ஒரு நாள் போட்டுப் பார்த்தபோது படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓட ஆரம்பித்திருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

"இந்தக் காலத்தில் யாரப்பா டிவிடி பார்க்கிறார்கள்? இன்டர்நெட்டில் ஏற்றி எல்லாருக்கும் அனுப்பிவிடு" என்று என் மகன் சொன்னான். நியாயம்தான். ஆனால் மாயவரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு எழுபது வயது, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கைப்பேசியில் படம் அனுப்பினால் "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா" என்பார். அவர் வீட்டில் டி.வி.யும், 2008-ல் வாங்கிய டிவிடி பிளேயரும் இருக்கின்றன. அந்தப் பிளேயரின் திறக்கிற பொத்தானும் ஓடுகிற பொத்தானும் அவருக்குத் தெரியும், அது போதும். ஆவணியில் அப்பாவின் திதிக்கு ஐந்து பேரும் அக்கா வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஐந்து செட், ஒரு செட்டுக்கு இரண்டு தட்டு வீதம், பத்துத் தட்டு எழுதியாக வேண்டும்.

என்னிடம் 2006-ல் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. எக்ஸ்.பி.க்கு 2014-லேயே மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, ஆகவே அதை இன்டர்நெட்டில் இணைப்பதே இல்லை. வி.சி.ஆரிலிருந்து படத்தை உள்ளே இழுக்கும் கார்டு அதில்தான் இருக்கிறது என்பதால் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்தேன். கேஸட்டை ஒரு வழியாக ஹார்ட் டிஸ்கில் ஏற்றியாயிற்று. முதல் தட்டை ரைட்டரில் வைத்து, 'பர்ன்' பொத்தானை அமுக்கினேன். மணி இரவு ஒன்பதரை. பன்னிரண்டரைக்கும் முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்கூட அதற்குள் ஒரு புகாரை எழுதி முடித்திருப்பார்.

அந்த இரவு நான் கோபப்பட்டது தப்பான ஆளின் மீது. வீடியோவை டிவிடியாக மாற்றும் சாஃப்ட்வேர்கள் இரண்டு வேலைகளை ஒரே பொத்தானுக்குள் ஒளித்து வைத்திருக்கின்றன. முதல் வேலை, நம் வீடியோவை டிவிடி பிளேயருக்குப் புரிகிற எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றுவது. அது முழுக்க முழுக்க கம்ப்யூட்டரின் மூளைக்கு வேலை. பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடும் நேரத்தைவிட அதிக நேரம்கூட ஆகும். இரண்டாவது வேலைதான் தட்டில் எழுதுவது. மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி முதல் வேலைக்கே போயிருந்தது, ரைட்டர் பாவம் சும்மா காத்துக்கொண்டிருந்தது. ஆகவே வேகத்தைப் பற்றிப் புகார் சொல்லும் முன் இரண்டையும் பிரித்துவிடுங்கள். சாஃப்ட்வேரில் 'ஐ.எஸ்.ஓ. இமேஜ்' அல்லது 'ஃபோல்டர்' என்று ஒரு வசதி இருக்கும். அதைக் கொண்டு டிவிடியின் முழு வடிவத்தையும் முதலில் ஹார்ட் டிஸ்கிலேயே தயாரித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தட்டில் எழுதும்போதுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பிரித்துப் பார்த்தபோதும் ஒரு தட்டுக்கு 35 நிமிடம் ஆயிற்று. இப்போதுதான் உண்மையான நோய் தெரிந்தது.

கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். டிவிடியில் 1 எக்ஸ் என்றால் விநாடிக்குச் சுமார் 1.385 எம்.பி. சி.டி.யில் 1 எக்ஸ் என்பது 150 கே.பி.தான். அதாவது டிவிடியின் ஒரு எக்ஸ், சி.டி.யின் ஒன்பது எக்ஸுக்கும் சற்று அதிகம். "என் பழைய சி.டி. ரைட்டரில் 52 எக்ஸ் இருந்தது, இதில் 16தானா?" என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் சமாதானமடையலாம். 4.7 ஜி.பி. தட்டு முழுவதையும் 1 எக்ஸில் எழுத 57 நிமிடம் ஆகும். (அதே தட்டைக் கம்ப்யூட்டர் 4.38 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறையில்தான் வித்தியாசம்.) 4 எக்ஸில் சுமார் 15 நிமிடம், 8 எக்ஸில் எட்டு ஒன்பது நிமிடம். 16 எக்ஸில் நாலு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஐந்தரை, ஆறு ஆகும். காரணம், அந்த வகை ரைட்டர் தட்டின் உள்விளிம்பில் ஆறேழு எக்ஸில் தொடங்கி, வெளிவிளிம்புக்குப் போகப் போகத்தான் 16-ஐத் தொடுகிறது. ஆகவே உங்கள் வீட்டில் முழுத் தட்டு ஆறு நிமிடத்தில் எழுதப்படுகிறது என்றால் அது நோயல்ல. என் 35 நிமிடம் என்பது ஏறக்குறைய 1.6 எக்ஸ். இது நோய்.

எழுதுவது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிட்டால் மீதி சுலபமாகப் புரியும். தட்டுக்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டே, உள்ளிருந்து வெளியே சுருள் பாதையில் போகிறது. பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் 1,350 சுற்றுகள். நம் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு முந்நூறு நானூறு சுற்று சுற்றுகிறது. 16 எக்ஸில் தட்டு சுற்றுவது சுமார் 10,000 சுற்று. அந்த வேகத்தில் இந்த நுணுக்கமான வேலை நடக்க வேண்டுமென்றால், எழுத வேண்டிய செய்தி தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தட்டும் லேசரின் சூட்டைச் சரியாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டில் எது தவறினாலும் வேகம் குறையும். என் அனுபவத்தில் ரைட்டரின் மந்தத்தில் இரண்டே வகைதான். ஒன்று பசியால் வரும் மந்தம், மற்றது பயத்தால் வரும் மந்தம். எந்த வகை என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது.

பசி என்றால் என்ன? தோசைக்கல் காய்ந்து தயாராக இருக்கிறது, மாவு வந்து சேரவில்லை. ரைட்டருக்குள் பஃபர் என்று ஒரு சிறு தொட்டி இருக்கிறது. பெரும்பாலும் 2 எம்.பி. 8 எக்ஸ் வேகத்தில் ஐந்தில் ஒரு விநாடிக்குள் அது காலியாகிவிடும். 1990-களின் சி.டி. ரைட்டர்களில் அந்தத் தொட்டி ஒருமுறை காலியானால் தட்டு பாழ். காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்ளத்தான் ஆகும். 2000-க்குப் பிறகு வந்த ரைட்டர்கள், தொட்டி காலியானால் லேசரை நிறுத்தி, நிறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றுக்கொண்டன. தட்டு பிழைத்தது. ஆனால் நோய் வெளியே தெரியாமல் போயிற்று. நமக்குத் தெரிவதெல்லாம் "மெதுவாக எழுதுகிறது" என்பது மட்டும்தான்.

இதைக் கண்டுபிடிக்க இம்க்பர்ன் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். எழுதும்போது கீழே இரண்டு பட்டைகளைக் காட்டும். ஒன்று கம்ப்யூட்டரின் தொட்டி, மற்றது 'டிவைஸ் பஃபர்' என்ற ரைட்டரின் தொட்டி. இவை நிறைந்து நிற்காமல் ஊஞ்சல் ஆடினால் பசி. நிறைந்தே இருந்தும் வேகம் குறைவாக இருந்தால் பயம். என் கம்ப்யூட்டரில் ரைட்டரின் தொட்டி ஊஞ்சலாடியது. கூடவே மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்ந்தது. ரேடியோவில் பாட்டு மாதிரி ஏதாவது போட்டால் அதுவும் திக்கியது.

இந்த அறிகுறிக்குப் பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஒரே காரணம். ஹார்ட் டிஸ்கிலிருந்தும் ரைட்டரிலிருந்தும் செய்தி போய்வர இரண்டு வழி உண்டு. டி.எம்.ஏ. என்ற வழியில் செய்தி நேராக நினைவகத்துக்குப் போய்விடும், மூளை தன் வேலையைப் பார்க்கலாம். பி.ஐ.ஓ. என்ற வழியில் ஒவ்வொரு துணுக்கையும் மூளையே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேலதிகாரி ஒவ்வொரு கோப்பையும் தானே சுமந்து அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் அலுவலகம் எப்படி நடக்கும்? அப்படித்தான். எக்ஸ்.பி.யில் ஒரு விசித்திரம் என்னவென்றால், செய்தி போகும் வழியில் ஆறு தடவைக்கு மேல் பிழை கண்டால் அது ஒவ்வொரு படியாக வேகத்தைக் குறைத்து, கடைசியில் பி.ஐ.ஓ.வில் கொண்டுபோய் விட்டுவிடும். நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. என்றோ கீறல் விழுந்த தட்டு ஒன்றைப் படிக்கத் திணறியதுகூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பார்ப்பது சுலபம். டிவைஸ் மேனேஜரில் ஐ.டி.இ. கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பின் கீழ் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு சேனல்கள் இருக்கும். ரைட்டர் பெரும்பாலும் செகண்டரியில். அதன் 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'அல்ட்ரா டி.எம்.ஏ.' என்று இருந்தால் நல்லது. எனக்கு 'பி.ஐ.ஓ. மோட்' என்று இருந்தது. அதே பக்கத்தில் 'டி.எம்.ஏ. இஃப் அவைலபிள்' என்று தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். அது ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டுத்தான் இருக்கும், பயனில்லை. அந்தச் சேனலையே 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டு கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பிழைக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

செய்தேன். முதல் தட்டு எட்டரை நிமிடம்! வீட்டில் காபி போடச் சொன்னேன். மூன்றாவது தட்டில் மறுபடி மவுஸ் திக்கியது. திரும்பவும் பி.ஐ.ஓ.

ஆக, பிழை இன்னும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, நான் கணக்கை மட்டும் அழித்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து பார்த்தபோது சாம்பல் நிறப் பட்டைக் கேபிள் ஒன்று இரும்பு ஓரத்தில் மடிந்து கிடந்தது. இந்த ஐ.டி.இ. கேபிளில் 40 கம்பி உள்ளது, 80 கம்பி உள்ளது என்று இரண்டு ரகம். 80 கம்பி ரகத்தில் ஒவ்வொரு செய்திக் கம்பிக்கும் பக்கத்தில் ஒரு தரைக் கம்பி ஓடி, ஒன்றின் சலசலப்பு மற்றதில் ஏறாமல் தடுக்கிறது. நேரு பிளேஸ் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். "அங்கிள்ஜி, புரானா ஃபேங்க் தோ, நயா லே லோ" என்று ஒரு பையன் புது ரைட்டரை நீட்டினான். கடைசியில் படிக்கட்டடியில் பழைய சாமான் விற்பவரிடம் 80 கம்பிக் கேபிள் இரண்டு கிடைத்தன. ஹார்ட் டிஸ்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. ஹார்ட் டிஸ்கைப் பிரைமரிக்கும் ரைட்டரைச் செகண்டரிக்கும் தனித்தனிக் கேபிளில் மாற்றினேன். கம்ப்யூட்டரின் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்த பிறகே இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு டி.எம்.ஏ. அசையவில்லை.

புதிய கம்ப்யூட்டர்களில் இந்தக் கேபிளும் இல்லை, பி.ஐ.ஓ. தொல்லையும் அநேகமாக இல்லை. லேப்டாப்பில் ரைட்டரே கிடையாது, யு.எஸ்.பி.யில் செருகும் மெல்லிய ரைட்டரைத்தான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். அவற்றின் உச்ச வேகமே 8 எக்ஸ்தான், 16-ஐ எதிர்பார்க்கக் கூடாது. அவை மின்சாரத்தையும் யு.எஸ்.பி. வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. நாலைந்து சாமான்கள் தொங்கும் ஹப்பிலோ நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளிலோ செருகினால் மின்சாரம் போதாமல் திணறும், சில சமயம் பாதியில் நின்றும் போகும். நேராகக் கம்ப்யூட்டரின் வாயிலேயே செருகுங்கள். மிகப் பழைய கம்ப்யூட்டராக இருந்தால் அந்த வாய் யு.எஸ்.பி. 1.1 ஆக இருக்கலாம். அதன் முழு ஆற்றல் விநாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 எம்.பி. நடைமுறையில் 1 எக்ஸைக்கூட எட்டாது. எத்தனை விலை கொடுத்து ரைட்டர் வாங்கினாலும் அங்கே பயனில்லை.

பசிக்கு வேறு சில்லறைக் காரணங்களும் உண்டு. எழுத வேண்டியதைப் பென் டிரைவிலோ, வைஃபை வழியாக அடுத்த அறைக் கம்ப்யூட்டரிலோ வைத்துக்கொண்டு எழுதுவது ஒன்று. முதலில் உள் ஹார்ட் டிஸ்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பத்தாயிரம் கல்யாண போட்டோக்களை அப்படியே எழுதினால் ஒவ்வொரு சின்னக் கோப்பையும் தேடித் தேடி எடுக்க நேரமாகும், ஒரே ஐ.எஸ்.ஓ.வாக ஆக்கிவிட்டு எழுதினால் சீராகப் போகும். வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் தொல்லைதான். இன்னொன்று, விண்டோஸில் தட்டைப் போட்டதும் 'பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, டிவிடி பிளேயரில் போடவா' என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். பலர் முதலாவதை அமுக்கிவிடுகிறார்கள். அது மெதுவானது மட்டுமல்ல, ஊரில் இருக்கும் பிளேயரில் ஓடவும் ஓடாது. எழுதி முடித்தபின் 'வெரிஃபை' என்று சரிபார்க்கும் நேரத்தையும் சிலர் எழுதும் நேரத்தோடு சேர்த்துத் திட்டுகிறார்கள். அதைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இனி பயத்துக்கு வருவோம். பத்துத் தட்டில் ஆறுதான் நல்ல ரகமாக என்னிடம் இருந்தது. மீதிக்கு நடைபாதைக் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். மேலே பெரிய எழுத்தில் 16 எக்ஸ். ரைட்டரோ 4 எக்ஸுக்கு மேல் மறுத்துவிட்டது. தொட்டிகள் இரண்டும் நிறைந்து நின்றன, மவுஸ் சமர்த்தாக ஓடியது. பசி இல்லை.

ஒவ்வொரு தட்டிலும் அதைச் செய்த தொழிற்சாலையின் குறியீடு ஒன்று பிறக்கும்போதே பதிந்திருக்கும். உறையில் இருக்கும் பிராண்டு வேறு, உள்ளே இருக்கும் தொழிற்சாலை வேறாகவும் இருக்கலாம். ரைட்டர் முதலில் அந்தக் குறியீட்டைப் படித்து, தன் ஃபர்ம்வேரில் உள்ள பட்டியலில் தேடும். 'இந்தச் சாயத்துக்கு இவ்வளவு சூடு, இத்தனை வேகம்' என்று அங்கே எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாத தட்டு என்றால், முன்பின் தெரியாத வீட்டில் நுழைகிறவர் போல, பொதுவான சூட்டில் மெதுவாக எழுதும். பிறகு தட்டின் ஓர் ஓரத்தில் லேசரைச் சுட்டுப் பரிசோதித்தும் பார்க்கும். தட்டில் விரல் ரேகையோ, லென்ஸில் தூசியோ இருந்தால் நல்ல தட்டும் பயம் தரும். மே மாதப் புழுதிக் காற்றைப் பற்றி டெல்லிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தட்டைத் துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

இம்க்பர்னில் தட்டைப் போட்டதுமே வலப்பக்கத்தில் அந்தக் குறியீடும், ரைட்டர் ஒத்துக்கொள்ளும் வேகங்களும் தெரியும். ஒத்துக்கொள்ளும் வேகமே 4 என்றால் நாம் 16 என்று தேர்ந்தெடுத்துப் பயனில்லை. ரைட்டர் கம்பெனி புது ஃபர்ம்வேர் வெளியிட்டிருந்தால் அதை ஏற்றலாம், பட்டியல் நீளும். ஏற்றும்போது மின்சாரம் போனால் ரைட்டர் செத்துவிடும், ஆகவே இன்வெர்ட்டரை நம்பி மட்டும் இறங்குங்கள். அதைவிட எளிய வழி, தட்டின் ரகத்தை மாற்றுவது. மறுபடி மறுபடி எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. தட்டுகளுக்கு வேகமே நாலு, ஆறு, எட்டு எக்ஸ்தான். இரட்டை அடுக்குத் தட்டும் அப்படியே. அவற்றில் மந்தம் குறையல்ல, குணம்.

நல்ல தட்டு கிடைப்பது இப்போது சிரமமாகிவிட்டது. ஒரு காலத்தில் நம் பக்கத்து நொய்டாவிலிருந்தே மோசர் பேர் உலகத்துக்கெல்லாம் தட்டு அனுப்பியது. தமிழ்ப் படங்களை மலிவு விலை டிவிடியாகப் போட்டதும் அவர்கள்தான். 2018-ல் அந்தக் கம்பெனி கலைப்புக்குப் போயிற்று. கடைகளில் இருப்பது பல வருடத்துச் சரக்காக இருக்கலாம். சாயப் படலத்துக்கு வெயிலும் சூடும் ஆகாது. வாசலில் வெயிலில் காயும் கட்டை வாங்காதீர்கள். ஒரே ஒரு தட்டு வாங்கி எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தமாக வாங்கலாம்.

இவ்வளவும் படித்துத் தேறிய நான், வேகம் வந்த மகிழ்ச்சியில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நல்ல ரகத் தட்டுகளில் 16 எக்ஸைத் தட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். கம்ப்யூட்டரில் சரிபார்த்தது, குறையில்லை என்றது. திதிக்கு இரண்டு வாரம் முன்பே அக்காவுக்கு கூரியரில் அனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது.

"தம்பி, எல்லாம் நல்லா ஓடுச்சுடா. அப்பா மைக்கை வாங்குறாரு, அப்படியே நின்னு போச்சு."

எனக்கு உடனே புரிந்தது. தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. படத்தின் கடைசி என்பது தட்டின் வெளிவிளிம்பு. ரைட்டர் உச்ச வேகத்தில் ஓடிய இடமும் அதுதான், தட்டு அதிகம் நடுங்கும் இடமும் அதுதான், கைபடுவதும் அங்கேதான். நானோ இடம் வீணாகக் கூடாதென்று தட்டை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். புது கம்ப்யூட்டரின் டிரைவ் எப்படியோ சமாளித்துப் படித்துவிட்டது. 2008 பிளேயரால் முடியவில்லை. அப்பாவின் குரலை நான் தட்டில் இருப்பதிலேயே மோசமான இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மறுபடி உட்கார்ந்தேன். படத்தை இரண்டு தட்டுக்குப் பதிலாக மூன்றாகப் பிரித்து, எதையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், அப்பாவின் பேச்சை மூன்றாவது தட்டின் தொடக்கத்திலேயே ஒரு தனிப் பகுதியாகவும் வைத்தேன். நல்ல ரகத் தட்டு, 8 எக்ஸ், அதற்கு மேல் வேண்டாம். (4 எக்ஸுக்கும் கீழே போனால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள். 16 எக்ஸுக்கென்று செய்த தட்டில் மிகக் குறைந்த வேகமும் சரிப்படாது, 8-ஐ ஒட்டியே இருங்கள்.) தட்டின் மேல் காகித லேபிள் ஒட்டவில்லை, எடை ஒரு பக்கம் சாய்ந்து நடுங்கும். மார்க்கர் பேனாவால் எழுதினேன். பக்கத்து ஃபிளாட்டில் கிடந்த பழைய பிளேயரை இரவல் வாங்கி, கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே உறையில் போட்டேன். பதினைந்து தட்டுக்கும் எழுதும் நேரம் மட்டும் இரண்டேகால் மணி.

திதிக்கு மூன்று நாள் முன்பு அக்கா கூப்பிட்டார். "இப்ப முழுசா ஓடுதுடா. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன். அப்பா உன் பேரைச் சொல்ல வந்து பெரியவன் பேரைச் சொல்லிட்டுத் திருத்திக்கிறாரு, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. அந்தக் கேஸட்டை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், ஆனால் பட்டைகளையும் கடிகாரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுப் போய்ப் போட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான்.

அரங்கேற்றக் கேஸட் நண்பருக்கு: முதலில் அந்த டி.எம்.ஏ. வரியைப் பாருங்கள் சார். நேரு பிளேஸில் வாங்கிய கேபிள்களில் ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்துக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.